கூப்பிடாமல் உள்ளே போகாதே

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல எங்கள் மலையில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. ரிசல்ட் வந்த மறுநாள் பாருங்கள், பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எந்தக் காலேஜ் தேறும், எந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கும் என்று பிரித்து மேய்வான். காசா பணமா, வாய்தானே. நான் மாரியப்பன், ஏற்காட்டில் ஒரு லாட்ஜுக்கு ஜீப் ஓட்டுகிறவன். யாருக்கும் புத்தி சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அப்படிச் சொன்ன புத்தி ஒரு பெண்ணை என்ன பாடு படுத்தியது என்று பக்கத்திலேயே இருந்து பார்த்தவன் நான்.

அவள் பேர் புஷ்பலதா. கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில், வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடு. அப்பா மாதேஸ்வரன், அம்மா அத்தாயி, இரண்டு பேரும் எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவர்கள். பெண் பிளஸ் டூவில் பள்ளிக்கே முதலாவதாக வந்தாள். கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு காலேஜில் இடம் கிடைத்தது, ஹாஸ்டலும் கிடைத்தது. எங்கள் லைனிலிருந்து காலேஜுக்குப் போன முதல் பெண் அவள்தான்.

கிளம்புகிற அன்று பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கூட்டமே கூடிவிட்டது. ஆள் கணக்குப் பார்க்கிற எஸ்டேட் ரைட்டர் வந்து, ஆம்பளப் பசங்களை நிமிர்ந்து பார்க்காதே என்றார். அவர் மகன் கல்யாணமான பெண்ணோடு ஓடிப்போனது ஊருக்கே தெரியும். மளிகைக்கடை மரியஅந்தோணி, இங்கிலீஷில் பேசுகிறவர்களோடு மட்டும் சேர் என்றார். வனிதா டீச்சர், விடியற்காலையில் எழுந்து படித்தால்தான் மண்டையில் ஏறும் என்றார். புஷ்பலதா எல்லாருக்கும் தலையாட்டினாள். பாதியை பஸ் வாழவந்தி தாண்டுவதற்குள் மறந்திருப்பாள், அது நல்லதுதான்.

ஆனால் அவள் அம்மா சொன்னதை மறக்கவில்லை.

"பெரியவங்க ரூமுக்கு நீயா நொழஞ்சிராத கண்ணு. வாசல்ல போயி நில்லு. அவங்க கண்ணுல பட்டாப் போதும், அவங்களே கூப்புடுவாங்க. கூப்புடாம உள்ள போகாத. போனா உன்னைப் பேசமாட்டாங்க, உன்னைய வளத்தவளப் பேசுவாங்க."

இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எங்கள் எஸ்டேட்டில் ஆபீஸ் வாசலில் நாலு படி இருக்கிறது. ரைட்டர் மேலே மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் கீழே முற்றத்தில் நிற்போம். அன்றைய வேலைக்குப் பேர் கூப்பிட்டால் போகவேண்டும், கூப்பிடாவிட்டால் நிற்கவேண்டும். மழையானாலும் அதே முற்றம்தான். புஷ்பலதா கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. அத்தாயி அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஜீப் கேட்கலாமென்று கூப்பிடாமல் படியேறிவிட்டது. ஜீப் கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ஒரு வாரத்துக்கு அதன் பேரைக் கூப்பிடவில்லை. தினமும் காலையில் போய் நிற்கும், எல்லார் பேரும் வரும், அதன் பேர் வராது. வெறுங்கையோடு திரும்பி வரும். அந்த ஒரு வாரத்தில் கற்ற பாடத்தைத்தான் மகளுக்கு மூட்டை கட்டிக் கொடுத்தது. வேறென்ன இருந்தது அதனிடம் கொடுக்க?

முதல் வருஷம் நன்றாகத்தான் போனது. இரண்டாம் வருஷம் மாசி மாதம், மிளகு பறிக்க ஏணி சாத்தி ஏறின மாதேஸ்வரன் அண்ணன் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். சேலம் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். அத்தாயி வேலைக்குப் போகாமல் இருந்தால் லைன் வீடு கையை விட்டுப் போய்விடும். அதனால் புஷ்பலதாதான் வந்து அப்பாவோடு இருந்தாள். மல்லாக்கப் படுத்த மனுஷனைத் திருப்பிப் போட்டு, துடைத்து, கஞ்சி ஊட்டி, அவரை வீடு சேர்த்துவிட்டுத்தான் காலேஜுக்குத் திரும்பினாள். அங்கே அட்டெண்டன்ஸ் போதவில்லை, பரீட்சை எழுத முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆபீஸ் கிளார்க் நல்ல மனுஷன். "உங்க டிபார்ட்மெண்ட் தலைவர் கையெழுத்துப் போட்டா எழுதலாம், போய்ப் பாரும்மா" என்று வழி சொல்லியிருக்கிறார்.

இவள் போனாள். போய் அவர் ரூம் வாசலில் நின்றாள்.

கதவு பாதி திறந்துதான் இருந்ததாம். மேஜையும் தெரிந்தது, அவரும் தெரிந்தார். டவுன் பிள்ளைகள் வந்தார்கள், கதவைத் தட்டினார்கள், உள்ளே போனார்கள், கையெழுத்தோடு சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். இவள் நின்றாள். மறுநாளும் போய் நின்றாள். கடைசித் தேதி வரைக்கும் நின்றாள். கடைசி நாள் சாயங்காலம் அவர் கதவைப் பூட்டிக்கொண்டு இவளைத் தாண்டி மோட்டார் சைக்கிள் எடுத்துப் போய்விட்டார்.

"ஒரு வாரமா என்னம்மா பண்ணின?" என்று கிளார்க் தலையில் அடித்துக்கொண்டாராம்.

"நின்னுட்டிருந்தேனுங்க" என்றாளாம் இவள்.

அப்புறம் என்ன, அந்த வருஷம் போச்சு. ஸ்காலர்ஷிப் நின்றது, ஹாஸ்டலில் இவள் கட்டிலை இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். பெட்டியையும் பெண்ணையும் கூட்டிவர நான்தான் போனேன். மலை ஏறுகிற வழியில், கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவில்தான் இதையெல்லாம் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன்.

"ஏம்புள்ள, ரெண்டு தட்டுத் தட்டிட்டு உள்ள போறதுக்கு என்ன கேடு உனக்கு?"

"அவரு என்னைப் பாத்தாருங்க மாமா. ரெண்டு மூணு தரம் நல்லாவே பாத்தாரு. பாத்துட்டாரு, இனி கூப்புடுவாருன்னே இருந்தேன்." நான் ஜீப்பை மறுபடி எடுத்தபோது, "அம்மாகிட்ட இதச் சொல்லிராதீங்க. அது சொன்னதக் கேட்டுத்தான் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா நொம்ப ஒடைஞ்சு போயிரும். பெயிலாயிட்டேன்னே இருக்கட்டும்" என்றாள்.

அப்படியே இருந்தது, எட்டு வருஷம். பெயிலான மகள் என்று அத்தாயி அக்கா அவளைப் பேசாத பேச்சில்லை. "படிக்க அனுப்புனா ஊரு மேஞ்சிட்டு வந்து நிக்கறா" என்று குழாயடியில் சொல்லும். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போனால், அங்கே படித்து வேலைக்குப் போகிற பெண்களைக் காட்டிக் காட்டிச் சொல்லும். மாதேஸ்வரன் அண்ணன் எழுந்து நடக்காமலே மூன்றாம் வருஷம் போய்ச் சேர்ந்தார். அந்தச் சாவு வீட்டில்கூட, "அவரு நெனப்பெல்லாம் இவ படிப்புமேலதான் இருந்துச்சு, கெடுத்துட்டா பாவி" என்றுதான் அழுதது. புஷ்பலதா வாயைத் திறக்கவில்லை. எனக்குத்தான் பல்லைக் கடித்துப் பல்லைக் கடித்துத் தாடை வலி கண்டது.

அவளுக்கு எங்கள் லாட்ஜில் ரிசப்ஷன் வேலை நான்தான் சொல்லி வாங்கிக் கொடுத்தேன். இங்கிலீஷ் நன்றாகப் பேசுவாள், கணக்கு தப்பாது, முதலாளிக்குத் திருப்தி. அத்தாயி அக்காவுக்கு மூட்டு போய்விட்டது, சரிவில் ஏற முடியவில்லை. லைன் வீட்டை விட்டுவிட்டு ஏற்காட்டுக்கே வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இந்த வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கூட்டம் போட்டார்கள். காலேஜுக்குப் போகுமுன் என்னென்ன தெரிந்திருக்கவேண்டும் என்று பேச, கோயமுத்தூரிலிருந்து ரிட்டையர்டு பேராசிரியர் ஒருவரை அழைத்திருந்தார்கள். பேர் சந்திரசேகர். முந்தின நாளே வந்து எங்கள் லாட்ஜில்தான் தங்கினார். பதிவு செய்யும்போது முகத்தைப் பார்த்த புஷ்பலதா, அவர் ரூமுக்குப் போனதும் என்னிடம் ஓடிவந்தாள்.

"மாமா, அவருதான்" என்றாள்.

அவர் ரூமுக்கு டீயை அவளே எடுத்துப் போனாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து பதில் வருமுன்பே திறந்துகொண்டு போனாள். எட்டு வருஷம் கழித்து.

"ஐயா, என்னைத் தெரியுதுங்களா?"

அவருக்குத் தெரியவில்லை. இவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை, குரலும் உயரவில்லை. அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அடடா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு நிமிஷ வேலையாச்சேம்மா. உனக்குப் போடாமலா இருந்திருப்பேன்? ஏம்மா உள்ளே வரலை?"

"கூப்புடாம போகக்கூடாதுன்னு அம்மா சொல்லி அனுப்புச்சுங்க."

"வாசல்ல ஒரு பொண்ணு நின்ன மாதிரி ஞாபகம் இருக்கு. யாரையோ பார்க்க வந்த வேலைக்காரப் பொண்ணுன்னு நினைச்சேன் போல" என்றார்.

புஷ்பலதா காலித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு, "எங்கம்மாவுக்கு இது எதுவும் தெரியாதுங்க ஐயா. பெயிலாயிட்டேன்னுதான் நெனச்சிட்டிருக்குது" என்றாள்.

"நான் யார்கிட்டம்மா சொல்லப் போறேன்" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். அந்த மடத்தனத்துக்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

மறுநாள் அவரைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் ஹாலின் பின்கதவருகே நின்றேன். என்னென்னவோ சொன்னார். போனைக் குறை, நண்பர்களைப் பார்த்துச் சேர், நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அது அவர் கண்ணில் பட்டுவிட்டது. உடனே, "ஒரு கதை சொல்றேன், உண்மைக் கதை, பேர் மட்டும் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்தார்.

நான் கதவை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்தேன்.

இந்த மலையில் ஒரு எஸ்டேட் பெண் என்றார். அப்பா மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்தார் என்றார். ஒரு கையெழுத்துக்காக ஒரு வாரம் வாசலில் நின்ற கதையை, அவளைப்போலவே கையைக் கட்டிக் குனிந்து நின்று நடித்துக் காட்டினார். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ஏன் உள்ளே போகலை தெரியுமா? அவங்க அம்மா சொல்லி அனுப்பினாங்களாம், கூப்பிடாம உள்ளே போகாதேன்னு. பார்த்தீங்களா அறிவுரையை? யாரையும் கேட்காம உள்ளே போகணும், அழுத பிள்ளைக்குத்தான் பால். அந்த அம்மா மட்டும் அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, இன்னிக்கு அந்தப் பொண்ணு உங்களுக்கு டீச்சரா இருந்திருப்பா."

ஹாலே சிரித்தது. கைதட்டினார்கள். சின்னப் பிள்ளைகள், அவர்களை நான் குறை சொல்லவில்லை.

பக்கத்து ஜன்னலைப் பார்த்தேன். வெளியே அத்தாயி அக்கா துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தது. சிரிப்புச் சத்தம் ஓய்கிற வரைக்கும் அசையவில்லை. பிறகு துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டுப் போய்விட்டது. பின்னாலேயே ஓடியிருப்பேன், ஆனால் அதற்குள் அந்த ஆளைச் சேலம் ரயிலுக்குக் கொண்டுபோய் விடச்சொல்லிவிட்டார்கள். இறங்குகிற வழியெல்லாம், "பசங்க நல்லா ரசிச்சாங்க இல்ல?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். இன்னொரு தரம் கேட்டபோது, "வண்டி ஓட்டறப்ப பேசமாட்டனுங்க" என்றேன்.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்து பனி இறங்கியிருந்தது. லாட்ஜ் வாசலில், படிகளுக்குக் கீழே அத்தாயி அக்கா நின்றுகொண்டிருந்தது. சேலைத் தலைப்பு நனைந்து தலையோடு ஒட்டிக் கிடந்தது. மத்தியானத்திலிருந்து நிற்கிறதாம். யாரைப் பார்க்கணும் என்று கேட்டால், சும்மாதான் என்றதாம். அதை அடையாளம் தெரியாத புது செக்யூரிட்டி சொன்னான்.

"ஏனுங்கக்கா, உள்ள வரவேண்டியதுதானுங்க?"

"இருக்கட்டும் மாரியப்பா."

நான் உள்ளே ஓடிப்போய்ப் புஷ்பலதாவிடம் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னேன். அவள் பாதி கேட்கும்போதே எழுந்து ஓடிவந்தாள்.

"ஏம்மா இப்படி நனையற? நேரா உள்ள வாரதுக்கென்ன?"

"வரலாம்னுதான் வந்தேன் கண்ணு. ஆரையும் கேக்காம உள்ள போகோணும்னு அந்த ஐயா சொன்னாரே. படியில கால வெச்சேன். ஏற வரல." அத்தாயி அக்கா அந்தப் படியையே பார்த்தது. "இத்தன வயசாகியும் எனக்கே ஏற வரலயே. இதச் சொல்லித்தானே உன்னைய அங்க நிக்க வெச்சேன். எட்டு வருசமா உன்னையவே வேற பேசியிருக்கறனே சாமி."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நீ உள்ள வா, தலையத் தொடைச்சுக்க" என்று புஷ்பலதா கையைப் பிடித்து இழுத்தாள்.

அத்தாயி அக்கா ஒரு படி ஏறியது. உள்ளே பளபளவென்று துடைத்த தரையையும், சோபாவில் உட்கார்ந்திருந்த ஆட்களையும் பார்த்தது. கையை உருவிக்கொண்டு கீழே இறங்கிவிட்டது.

"வேண்டாங் கண்ணு. உங்க மொதலாளி பாத்தா உன்னையப் பேசுவாரு."

புஷ்பலதா அதற்கு மேல் கூப்பிடவில்லை. அவளும் படியிறங்கிப் போய் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டாள்.