ஏழு வரைக்கும் போதும்

செய்தி வந்தபோது வெள்ளிக்கிழமை காலை பதினொன்று பத்து. கண்ணாடிக் கடையின் உள்ளறையில் ஒரு பெரியவரின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள் சுண்டு. மேசைமேல் கிடந்த போன் அதிர்ந்தது. தோழி ஒட்டடையின் அண்ணன். பகல் வேளையில் கூப்பிடுகிறவர் இல்லை அவர். அந்நேரம் யார் வீட்டுச் சுவரிலாவது ஏணி போட்டு ஒயருடன் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

"சுண்டு, எங்கம்மா இருக்க?"

"கடையிலண்ணா. சொல்லுங்க."

"உக்காந்துக்கோ."

அவள் உட்காரவில்லை.

"நேத்து சாயங்காலம் தலைவலின்னு வந்து படுத்தா. காலைல எழுப்பப் போனேன்... மூளைல ரத்தக்குழாய் வெடிச்சிருக்குன்னு டாக்டர் சொல்றார். ஒட்டடை போயிட்டாம்மா."

"மொதல்ல போட்டதே தேவலாம்மா" என்றார் பெரியவர், எதிரே இருந்த எழுத்துகளைப் பார்த்தபடி. அவள் எண்ணை அட்டையில் எழுதினாள். சரியாகத்தான் எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்று மட்டும் மனது சொல்லிக்கொண்டிருந்தது.

ஒட்டடைக்குச்சிதான் சுருங்கி ஒட்டடை ஆனது. ஒன்பது வயதிலேயே அப்படி ஓர் உயரம். வீட்டில் இரண்டு கட்டில்களைக் குதித்தே உடைத்தவளை, மூன்றாவது கட்டிலுக்கு வழியில்லை என்று அண்ணன்தான் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த ஜிம்னாஸ்டிக்ஸ் ஹாலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். அங்கே இரண்டு டிராம்போலின்கள், இரும்புச் சட்டத்தில் ஸ்பிரிங்குகளால் இழுத்துக் கட்டிய குதிக்கும் துணிகள், அருகருகே கிடந்தன. வலப்பக்கத்தில் ஏற்கெனவே ஒருத்தி குதித்துக்கொண்டிருந்தாள்; சுண்டுவிரல் அளவுக்கு இருந்ததால் சுண்டு. "இவளா எனக்கு ஜோடி? கீழ குனிஞ்சுல்ல தேடணும்!" என்றாள் ஒட்டடை. "நீ மேல போயி பல்பை மாத்திட்டு வா, அதுவரைக்கும் நான் தூங்கறேன்" என்றாள் சுண்டு. கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் சிரித்துவிட்டார். அன்றைக்கே ஜோடி சேர்ந்துவிட்டது.

ஜோடிப் போட்டியில் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பத்துத் தாவல்களைச் செய்யவேண்டும். காற்றில் புரளும்போது அடுத்தவளைப் பார்க்க முடியாது. காதுதான் கண். இரண்டு பேரின் கால்களும் துணியில் ஒரே நொடியில் விழுந்தால் 'தொம்' என்று ஒரே சத்தம். மயிரிழை பிசகினாலும் இரண்டு சத்தம். மாஸ்டர் பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "ரெண்டு கேட்டுச்சு. மறுபடியும்." கனமானவளைத் துணி அதிக உயரத்துக்குத் தூக்கும் என்பதால் சுண்டு ஒவ்வொரு முறையும் உயிரைக் கொடுத்து மிதிக்கவேண்டும், ஒட்டடை தன்னைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளவேண்டும். இரண்டு வருஷத்தில் தெருவில் நடந்தால்கூட இவர்கள் செருப்புச் சத்தம் ஒன்றாகத்தான் கேட்டது.

அவர்களுக்குப் பதினேழு வயதானபோது, ஹாலில் வேறொரு பெண் விளிம்பில் விழுந்ததைச் சமாளித்துக்கொண்டு, ஜோடிக்காரியின் ஆட்டம் கெட்டுவிடக் கூடாதே என்று அடுத்த தாவலுக்கும் எழும்பினாள். கணுக்கால் போய்விட்டது. அன்று பஸ்ஸுக்காக நிற்கும்போது ஒட்டடைதான் சொன்னாள்: "இங்க பாரு. என் சத்தம் மாறுச்சுன்னா நீ நின்னுடு. உன் சத்தம் மாறுச்சுன்னா நான் நின்னுடறேன். எனக்காக நீயும் உனக்காக நானும் கழுத்தை ஒடிச்சுக்க வேணாம்."

"சரி" என்றாள் சுண்டு. பஸ் வந்துவிட்டது.

அவர்களுக்கு இருபத்து மூன்று வயதானபோது உலகப் போட்டிக்கு ஆள் தேர்வு நடந்தது. ஒரே ஒரு ஜோடிக்குத்தான் இடம். ஆறு தாவல்கள் வரை ஒரே சத்தம். ஏழாவதில் இடப்பக்கத்திலிருந்து 'தொம்' வரவில்லை. 'கிறீச்' என்று ஸ்பிரிங் முனகியது. ஒட்டடையின் குதிகால் விளிம்பு மெத்தையில் பட்டிருந்தது. சுண்டு யோசிக்கவே இல்லை. முழங்காலை மடக்கி வேகத்தை விழுங்கி நின்றுவிட்டாள். ஜோடியில் ஒருத்தி நின்றால் இருவருக்கும் கணக்கு அதோடு முடிந்தது; இடம் வேறு ஜோடிக்குத்தான். ஆனால் ஒட்டடை சமாளித்துவிட்டிருந்தாள். வலப்பக்கம் சத்தம் அடங்கிப்போனது காதில் விழாமலா இருக்கும்? இருந்தும் எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்றையும் தனியாகச் செய்து முடித்து, விதிப்படி மூன்று நொடி அசையாமல் நின்றாள்.

இறங்கி வந்ததும், "ஏன்டி நின்ன?" என்றாள்.

"நீதான சொன்ன."

ஒட்டடை பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். சுண்டு அத்தோடு குதிப்பதை நிறுத்தினாள். கண்ணாடிக் கடை, கல்யாணம், ஒரு மகள். ஒட்டடை தனியாளாக இன்னும் நான்கு வருஷம் குதித்தாள். ஒருமுறை ஐந்தாவதாக வந்தாள். மற்றபடி ஒன்பது, பதினொன்று. முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் அதே ஹாலில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தாள். மாஸ்டர் போன பிறகு சாவியும் அவளிடமே வந்தது. சுண்டுவின் கல்யாணத்துக்கு வந்தாள், மகள் பிறந்தபோது தொப்பி வாங்கிக்கொண்டு வந்தாள். "அவர் எப்படி இருக்கார், பாப்பா ஸ்கூல் போறாளா" என்று பட்டும் படாமலும் பேச்சு. ஏழாவது தாவலை மட்டும் இருவரும் தொடவில்லை. பதினைந்து வருஷமாகச் சுண்டு அந்த ஹால் வாசலை மிதிக்கவே இல்லை.

பத்து நாள் முன்பு ஒட்டடையிடமிருந்து திடீரென்று போன்.

"எட்டு வருஷமா எழுதிப் போட்டு இப்பத்தான் புது ஸ்பிரிங் வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை வா, ரெண்டு பேருமா மாத்தலாம். அப்படியே ஒரு தடவை குதிச்சுப் பாப்போம்."

"எனக்கு இப்ப என்ன வயசுடி? எழும்பினா இறங்க ஆள் வைக்கணும்."

"பத்தெல்லாம் வேணாம்" என்றாள் ஒட்டடை. "ஏழு வரைக்கும் போதும்."

அது கிண்டலா, குத்தலா? சிரித்தாளா, இல்லையா? போனில் முகம் தெரியவில்லை. கடையில் சரக்கு எண்ணவேண்டும், அடுத்த வாரம் வருகிறேன் என்று சுண்டு சாக்குச் சொல்லி வைத்துவிட்டாள். அந்த ஒரு வாக்கியம் பல்லிடுக்கில் மாட்டிய நார்போல உறுத்திக்கொண்டே இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நேரில் கேட்டுவிடுவது என்று இருந்தாள். 'நான் நின்னது தப்பாடி?' அவ்வளவுதான் கேள்வி.

எல்லாம் முடிந்த நாலாம் நாள், ஹாலில் கிடந்த தங்கையின் பையை எடுக்க அண்ணன் கிளம்பினார். தனியாகப் போக அவருக்குத் தெம்பு இல்லை. சுண்டுவும் போனாள்.

பூட்டு மாறவில்லை. உள்ளே ரப்பர், வியர்வை, சுண்ணாம்புத்தூள் கலந்த அதே வாடை. இரண்டு டிராம்போலின்களுக்கும் நடுவே இருந்த சுவரில் பெயின்டால் விதிகள் எழுதியிருந்தன. ஒட்டடையின் கையெழுத்து, 'ற'வுக்கு வாலை அவள்தான் அவ்வளவு நீளமாக இழுப்பாள்.

முதல் விதி: பக்கத்துச் சத்தம் மாறினால் நிறுத்து. யோசிக்காதே.

சுண்டு அதை இரண்டாம் முறை படித்தாள். பெயின்ட் அங்கங்கே உரிந்திருந்தது.

"இதை எப்ப எழுதினாண்ணா?"

"அது ஒம்பது பத்து வருஷம் இருக்குமே. சாவி கைக்கு வந்த மொத வாரம். டப்பாவை நான்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஏன், நீ பாத்ததே இல்லையா?"

இல்லை என்று அவள் தலையாட்டினாள். அண்ணன் பையைத் தேடப் போனார். அவள் வலப்பக்கத்து டிராம்போலின் அருகே போய்க் குனிந்தாள். சட்டத்தைச் சுற்றிலும் புது ஸ்பிரிங்குகள் மினுங்கின. இடப்பக்கத்தில் எல்லாமே கறுத்துப்போன பழையவை.

"மொதல்ல உன் பக்கத்தைத்தான் ஆரம்பிச்சா" என்றார் அண்ணன், பெஞ்சுக்கு அடியிலிருந்து. "ஒத்தாசைக்கு நானும் வரேன்னேன், வேணாம்னுட்டா. சுண்டு காத்து மாதிரி, பழசுல மிதிச்சா எழும்ப மாட்டா, அவ வர்றதுக்குள்ள அவளோடதை முடிச்சிடணும்னா. என்னோடதை அவ வந்து மாத்தட்டும்னு சிரிச்சா. வியாழக்கிழமை தலை வலிக்குதுன்னு பாதியில போட்டுட்டு வந்துட்டா."

"சிரிச்சாளா?"

"ஆமா. ஏன்?"

ஸ்பிரிங்கை இழுத்து மாட்டும் இழுகொக்கி துணியின்மேல் கிடந்தது. ஒரு பக்கம் ஒன்று மாற்றினால் நேர் எதிரே ஒன்று மாற்றவேண்டும், இல்லாவிட்டால் துணி கோணிக்கொள்ளும் என்று மாஸ்டர் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தது. சுண்டு விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு ஒரு சுற்று வந்தாள். நூற்றுப் பதினெட்டில் நூற்றொன்று புதிது. ஒட்டடை கடைசியாக மாட்டியதற்கு நேர் எதிரே இருந்தது இன்னும் பழைய ஸ்பிரிங்.