எதுக்கும் இருக்கட்டும்

அஜ்மானில் எங்கள் கட்டடத்துத் தமிழர்கள் எல்லாரும் கைகாட்டிய சர்ஜன் அவர். என் கணவருக்குக் குடலிறக்கம், ஆபரேஷன் செய்தே தீர வேண்டும் என்றானபோது, வலியை நம் பாஷையிலேயே சொல்லலாமே என்று அவரிடம்தான் போனோம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்தபோது நானே பார்த்தேன். சீழ் இல்லை, சிவப்பு இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனாலும் ஆன்டிபயாடிக் டிரிப் ஏறிக்கொண்டே இருந்தது. பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ரவுண்ட்ஸ் வந்தவரிடம் கேட்டேன்.

"காயம் நல்லாத்தானே இருக்கு டாக்டர்? இது எதுக்கு?"

"எதுக்கும் இருக்கட்டும்மா."

கால்மாட்டில் நின்றபடியே சொன்னார். போர்வையை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த கட்டிலில் ஒரு பாகிஸ்தானிப் பெரியவர். அவரையும் அப்படித்தான், கண்ணால் தடவிவிட்டுப் போனார்.

என் கணவருக்கு முதலில் வாய் கெட்டது. தகரத்தை நக்குவதுபோல் இருக்கிறது என்றார். அப்புறம் வயிறு போக ஆரம்பித்தது. நீரும் சளியுமாக, கழிவறைக் கதவை எட்டுவதற்குள் போய்விடும். இருமினால்கூட வாயைப் பொத்திக்கொள்கிற மனிதர். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ வெளிய போயிரு. நான் பாத்துக்குறேன்."

நான்தான் துடைத்தேன். அது பழக்கப்பட்ட நாற்றம் இல்லை. எத்தனை சோப்புப் போட்டும் விரலை விட்டுப் போகவில்லை. சோற்றில் கை வைத்தால் குமட்டியது.

சர்ஜன் வந்தார். "இன்ஃபெக்ஷன் வயித்துல இருக்கும்மா. ஸ்ட்ராங்கா ஒண்ணு எழுதுறேன்" என்றார். மலத்தைச் சோதிக்கச் சொல்லவில்லை. மலையாளி நர்ஸ் புதுப் புட்டியோடு வந்தபோது, கணவரின் கையில் இருந்த ஊசிக் குழாயை என் உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

"வேற டாக்டர் பாக்காம இத மாட்ட விடமாட்டேன்."

"எனக்கும் இது சரின்னு தோணல சேச்சி," என்று தணிந்த குரலில் சொன்னவள், யாருக்கோ போன் செய்தாள்.

வந்தவர் தொற்றுநோய் மருத்துவர், சூடானியப் பெண்மணி. காயத்தைத் திறந்து பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். மருந்துகளின் பெயரை வாசித்துவிட்டு, "இத்தனையும் எதற்கு?" என்று ஆங்கிலத்தில் என்னையே கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? "கலாஸ்", போதும் என்று எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, மலத்தைச் சோதனைக்கு அனுப்பினார். சோதனை முடிவும் அவர் சந்தேகப்பட்டபடியே வந்தது. குடலில் இருக்கிற நல்ல கிருமிகளையெல்லாம் மருந்து கொன்றுவிட, கெட்டது ஒன்று பெருகிவிட்டது. அதற்கென்று வாய்வழியாக ஒரு மருந்து கொடுத்தார். மெல்ல மெல்ல வயிறு அடங்கியது.

வராந்தாவில் சர்ஜனை மறித்தேன். "தேவையே இல்லாம ஏன் டாக்டர் ஏத்துனீங்க?"

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "நம்மாளுங்களுக்கு ஊசி, டிரிப்னு ஓடினாத்தாம்மா வைத்தியம் பாத்த திருப்தி. போடலைன்னா, கவனிக்கலன்னு ஊரெல்லாம் சொல்வாங்க. எல்லாரும் பண்றதுதான்."

நம்மாளுங்க. அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததும், துடைத்த துணியை மூக்கருகே பிடித்தது போலிருந்தது. திரும்பி நடந்துவிட்டேன்.

கணவர் இளைத்துத் துரும்பாகி வீட்டுக்கு வந்தார். மறுபடி துபாய்க்குக் கார் ஓட்டி டூட்டிக்குப் போக வெகு நாளாயிற்று. நான் ஆஸ்பத்திரியில் புகார் எழுதிக் கொடுத்தேன். கவனிக்கிறோம் என்று பதில் வந்தது, அத்தோடு சரி.

போன மாதம் எதிர்வீட்டுப் பெண் தன் மாமனாருக்காக அதே சர்ஜனைப் பற்றி விசாரித்தாள். ஒன்றையும் மறைக்காமல், அந்த நாற்றம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டவள், கடைசியில் சொன்னாள்: "ஆனா ஆள் ரொம்ப அன்பாப் பேசுறாராமேக்கா."