காந்த அறைக்கு வெளியே

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதிலும் அம்மாவிடம் என்றால் கேட்கவே வேண்டாம்.

நுண்துளைகள் நிறைந்த ஒரு பொடிதான் என் ஆராய்ச்சி. கட்டடத்துக்குச் சாரம் கட்டியதுபோல உலோகமும் கரிம மூலக்கூறுகளும் கோத்துக்கொண்டு, நடுவே இடம் விட்டிருக்கும். அந்த இடங்களில் கரியமில வாயு எங்கே போய் ஒட்டுகிறது என்று என்.எம்.ஆர். என்ற காந்தக் கருவியில் பார்க்கிறோம். பொடியைச் சின்னக் குப்பியில் அடைத்து, பெரிய காந்தத்துக்குள் சாய்த்து வைத்து, அசுர வேகத்தில் சுழற்றுவோம். இதையெல்லாம் போனில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். "நேர்ல ஒரு தபா பாக்கணும்" என்று அவளும் கேட்டுக்கொண்டே இருந்தாள். போன மாதம் திண்டிவனத்தில் பஸ் ஏறி, நான் படிக்கும் சென்னைக்கே வந்துவிட்டாள்.

காந்த அறைக்குள் இரும்பு எதுவும் போகக்கூடாது. அம்மா தாலியில் கோத்திருந்த ஊக்குகளைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "வேற ஊக்கு இருந்தா அதையும் எடும்மா" என்றேன். கூட ஆராய்ச்சி செய்யும் பையன்கள் பக்கத்திலேயே நின்றார்கள். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நீ போய்ட்டு வா. நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன்."

"இதுக்கா இவ்ளோ தூரம் வந்தே? சும்மா பேஜாரு பண்ணாதம்மா."

நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனேன்.

மாலையில் நானும் அவளோடு ஊருக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் நிற்கத்தான் இடம். அம்மா மேல் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினாள், முந்தானை விலகியது. ஜாக்கெட்டின் முன்பக்கம் நெடுக ஊக்குகள். ஒரு ஹூக்கும் மாட்டவில்லை.

நான் பார்த்ததை அவளும் கவனித்துவிட்டாள். "நல்ல ஜாக்கெட்டு இது ஒண்ணுதான். இப்ப பத்த மாட்டேங்குது" என்றாள் மெதுவாக.

பையன்கள் பக்கத்தில் நிற்க, இதையா கழற்றச் சொன்னேன் என்று வெட்கமாக இருந்தது. என் இடத்துக்கு வருகிறோமே என்றுதான் அதைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. திண்டிவனம் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் விழுப்புரத்தில் சித்தி வீட்டு வளைகாப்பு. "பொண்ணு வேலை செய்ற மெஷினப் பாத்தியாக்கா?" என்று சித்தி கேட்டாள்.

"பாத்தேனே. ஆளு ஒசரத்துக்கு வெள்ளையா டிரம்மு மாதிரி நிக்குது. உள்ள குப்பி சுத்துற சத்தம் இருக்குதே, கொசு காதுல கத்துற மாதிரி." போனில் நான் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். "எல்லாத்தையும் இவதான் பக்கத்துல நின்னு காட்டுனா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன்.