கரகரப்புக்குத் திரும்பியவள்

எங்கள் வீட்டில் ரேடியோ பாடினால் பகலிலும் விளக்கு எரியும். மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் அறைக்கு ஒரு விளக்குதான் கொடுத்திருந்தார்கள், பிளக் கிடையாது. ரேடியோ வைத்திருந்த இரண்டு மூன்று வீடுகளிலும் ஒரே வழிதான். விளக்கு ஹோல்டரில் இரட்டை ஹோல்டர் ஒன்றை மாட்டி, ஒரு வாயில் பல்பையும் இன்னொரு வாயில் ரேடியோ ஒயரையும் செருகுவது. சுவிட்சைப் போட்டால் இரண்டுக்கும் சேர்ந்தே கரண்ட் போகும்.

“வெயில்ல விளக்கு எரியுது, அம்மா கச்சேரி கேக்குறாங்க போல!” என்று எதிர்வீட்டு அக்கா வாசலிலிருந்தே கேலி பண்ணுவார்.

போலாரத்தில் ஒரு துரை குடும்பம் சீமைக்குத் திரும்பியபோது விற்ற சாமான்களில் என் கணவர் வாங்கிவந்த பெட்டி அது. அறையின் நடுவே நின்ற அலமாரிமேல், பல்புக்கு நேர் கீழே வைத்தார். ஒயர் அவ்வளவுதான் எட்டியது. வாங்கிய சில வாரங்களிலேயே கரகரக்கத் தொடங்கிவிட்டது. செய்தி வாசிப்பவர் பாதி வாக்கியத்தில் இருக்கும்போது சோளம் பொரிவதுபோல் படபடவென்று ஒரு சத்தம் வரும், நிற்கும், மறுபடி வரும். கணவர் ஏரியல் கம்பியை மாடத்திலிருந்து கூரைக்கு மாற்றிக் கட்டினார். பெட்டியைத் தட்டினார். வொர்க்‌ஷாப் மெஷின்கள் கரண்டை இழுக்கின்றன என்றார். வொர்க்‌ஷாப் மூடிய ஞாயிற்றுக்கிழமையும் அது கரகரத்தது.

எனக்கு அந்தக் கரகரப்பு வேண்டியிருந்தது. காரணத்தை அக்கம்பக்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

மகளுக்கு அப்போது பதினான்கு மாதம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். செகந்திராபாத் மிஷன் பள்ளியில் நான் மெட்ரிக் வரை படித்தவள். குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு புத்தகம் வைத்திருந்தேன். எந்த மாதத்தில் குழந்தை ஒலி வந்த பக்கம் தலை திருப்ப வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. அந்த மாதம் எப்போதோ போய்விட்டது. அவள் பின்னால் நின்று பித்தளைத் தட்டைத் தட்டிப் பார்ப்பேன். சில வேளை திரும்புவாள், சில வேளை இல்லை. திரும்பினால், என் நிழல் பட்டதோ, தரை அதிர்ந்ததோ என்று தோன்றும். திரும்பாவிட்டால், விளையாட்டில் மூழ்கியிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டர், “இன்னும் சந்தேகமாக இருந்தால் மெட்ராசுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்” என்று சொல்லியிருந்தார்.

ரேடியோ வந்த பிறகு சந்தேகம் குறைந்தது. ஒவ்வொரு முறை அது கரகரக்கும்போதும் குழந்தை தலையைத் தூக்கிப் பெட்டியின் பக்கம் பார்ப்பாள். சிரிப்பாள். பாட்டுக்குத் திரும்பமாட்டாள், கரகரப்புக்கு மட்டும். கூர்மையான சத்தம் கேட்கிறது, மெல்லிய சத்தம்தான் பழகவில்லை என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். கணவரிடமும் காட்டினேன்.

“அப்புறம் என்ன? மெட்ராசும் வேணாம் ஒண்ணும் வேணாம். நீ சும்மா அவளைச் சோதிச்சுக்கிட்டே இருக்காத” என்றார்.

நானும் சரி என்றேன். ஒரு நாள் ஹோல்டரிலிருந்து ரப்பர் தீயும் நாற்றம் வந்தது. வீடு பற்றிக்கொள்ளுமோ என்று பயம். சரிசெய்துவிட்டால் கரகரப்பு போய்விடுமே என்றும் இருந்தது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அது சரியில்லை என்று பட்டு, மூன்றாம் நாள் எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவர் கணவர் வொர்க்‌ஷாப்பில் ஒயர்மேன். வேலூர்ப் பக்கத்துக்காரர், ஆனால் பிறந்ததே இங்கே என்பதால் பேச்சில் பாதி உருது. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அக்காவும் கூடவே வந்தார். என் கணவருக்கு அன்று மாலை வரை வேலை.

“அண்ணே, ரேடியோவைப் பிரிக்கணுமா?”

“நக்கோ தங்கச்சி, வேணாம்! ஒடனே வயித்தக் கிழிக்கக் கூடாது. ஒண்ணொண்ணாக் கழட்டிப் பாக்கணும்.”

“இவரு இப்படித்தான் எங்க வீட்டு கடியாரத்தையும் ஒண்ணொண்ணாக் கழட்டினாரு. இன்னும் டப்பாவுலதான் இருக்குது” என்றார் அக்கா.

முதலில் ஏரியல் கம்பியைப் பிடுங்கினார். பாட்டு மங்கியது, கரகரப்பு அப்படியே இருந்தது. “மேல இருந்து வரல” என்றார். அடுத்து ரேடியோ ஒயரை ஹோல்டரிலிருந்து கழற்றினார். பெட்டி அடங்கியது. அறையில் சத்தமே இல்லை. பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஒரு மரக்குச்சியால் ஹோல்டரை மெல்லத் தட்டினார்.

“பாரு, பாரு. பல்பு கண்ணடிக்குது பாரு. பொட்டி மேல குத்தமே இல்ல. உள்ள பித்தள லூசு. ஒவ்வொரு தரம் கரகரன்னும்போதும் இதுவும் கூடவே கண்ணடிச்சிருக்கும். பகல் வெளிச்சத்துல நீ கவனிச்சிருக்கமாட்ட.”

மறுபடி தட்டினார். பல்பு விட்டுவிட்டு எரிந்தது. தரையில் உட்கார்ந்திருந்த குழந்தை தலையைத் தூக்கிப் பார்த்தாள். சிரித்தாள்.

“ஹவ், ஆமா! பாப்பாவுக்கே புரிஞ்சுபோச்சு” என்றார் அவர்.

நான் அடுக்களைக்குப் போய்க் காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். தண்ணீர் கொதித்த பிறகும் பொடி போடாமல் நின்றேன் என்று நினைக்கிறேன். அழுகை வரவில்லை. ஒரு தடவை பார்த்தது போதாது, தற்செயலாக இருக்கலாம் என்று எண்ணினேன். அப்படி எண்ணுவது என் வழக்கம் என்பதும் தெரிந்தது.

அவர் இரட்டை ஹோல்டரைக் கழற்றி எறிந்தார். சுவிட்ச் பலகையிலிருந்து தனி ஒயர் இழுத்து, ரேடியோவுக்கென்று ஒரு பிளக்கும் சுவிட்சும் வைத்தார். “ஆபீஸ்ல யாரும் கேட்டா எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்தார். ரேடியோவைப் போட்டதும் பாட்டு கழுவிவைத்த பாத்திரம்போலத் தெளிவாக வந்தது.

“இனிமே பகல்ல விளக்கு வேணாம். நான் யாரைக் கேலி பண்றது?” என்று அக்கா எழுந்துபோனார்.

அவர்கள் போனதும் கதவைச் சாத்தினேன். அண்ணன் சொன்ன மாதிரியே ஒண்ணொண்ணாகப் பார்த்தேன். விளக்கை அணைத்துவிட்டு ரேடியோவை மட்டும் போட்டேன். சத்தத்தைக் கூட்டினேன், குறைத்தேன், திடீரென்று முழுதும் கூட்டினேன். குழந்தை வெங்காயச் சருகைக் கிழித்துக்கொண்டிருந்தாள். பிறகு ரேடியோவை அணைத்துவிட்டு, அவளுக்குக் கை தெரியாதபடி நின்று, விளக்கை மட்டும் போட்டு அணைத்தேன். உடனே நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். ஐந்து முறை செய்தேன். ஐந்து முறையும் சிரித்தாள். நோட்டை எடுத்தேன், என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மூடிவைத்தேன்.

கணவர் வந்ததும் முதலில் ரேடியோவைத்தான் போட்டுப் பார்த்தார். “அடேயப்பா, பக்கத்துல உக்காந்து பாடுற மாதிரி இருக்கே!” என்றார். முகம் கழுவிவிட்டு வரட்டும் என்று காத்திருந்தேன். சாப்பிட்டு முடிக்கட்டும் என்றும் தோன்றியது. ஆனால் முகம் துடைத்துக்கொண்டு வந்தபோதே சொல்லிவிட்டேன்.

“அவ கரகரப்புக்குத் திரும்பலைங்க. பல்பு மினுக்கினதுக்குத் திரும்பியிருக்கா.”

“என்ன சொல்ற நீ?”

செய்து காட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி அவரே செய்தார். குழந்தையின் முதுகுப்புறம் அலமாரியில் ரேடியோ பாடியது. குமிழை மெல்லத் திருப்பினார். இன்னும் திருப்பினார். கடைசி வரை திருப்பினார். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டினார்கள். யாரோ தெலுங்கில் திட்டுவதும் கேட்டது. அவர் கையை எடுக்கவில்லை. குழந்தை கிழித்த சருகை ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் வைத்தாள்.

நான் எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தேன்.

திங்கட்கிழமை அவர் மெட்ராசுக்கு ரயில்வே பாஸ் கேட்டு எழுதிக்கொடுத்தார்.