எங்கள் பங்கைக் கேட்டவள்

அந்த மதியம் கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டதும் அம்மா முதலில் செய்த காரியம், வாசலில் கிடந்த என் செருப்பை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்ததுதான். வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைச் செருப்பே சொல்லிவிடும் என்று அவளுக்குப் பயம். பர்மியப் பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் சட்டம் வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. தின்கன்ஜூனில் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஏதாவது ஒரு புதுப் பழக்கம் வந்து சேர்ந்திருந்தது. என் தம்பியைத் தாய்லாந்துக்கு அனுப்பிவிட்டு, கேட்டவர்களிடமெல்லாம் மண்டலேயில் ஒரு கடையில் வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பையன்கள் தீர்ந்தால் அடுத்தது பெண்பிள்ளைகள்தான், வார்டு ஆபீசில் பெயர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள் என்ற பேச்சு மார்க்கெட்டில் நாளுக்கு ஒரு விதமாக வந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயில் சொட்டும் தண்ணீருக்கு அடியில் கையை நீட்டி அந்தச் சத்தத்தைக் கூட நிறுத்திவிட்டு நின்றேன்.

வந்தவர் வார்டு ஆபீஸ் ஆள் இல்லை. ஒரு தனியார் கல்லூரியின் கால்பந்து அணிக்கு மேனேஜர். பள்ளி அணிக்காக நான் கோல்கீப்பராக நின்ற இரண்டு ஆட்டங்களை அவர் பார்த்திருந்தார். அம்மா என்னைக் கூப்பிட்ட பிறகு நான் ஈரக் கையோடு வந்து நின்றேன். மேசைமேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு ஜோடி கையுறை இருந்தது. அவர் பர்மியில் மிக மரியாதையாகப் பேசினார். கல்லூரியின் பையன்கள் அணியில் பதினொரு பேரைச் சேர்ப்பதே முடியாத காரியமாகிவிட்டதாம். பாதிப் பேர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள், மீதிப் பேர் மைதானம் போன்ற திறந்த இடத்துக்கு வரவே பயப்படுகிறார்கள். அதனால் இனிமேல் பெண்கள் அணிதான் கல்லூரிக்கு முகம் என்றார். படிப்புக் கட்டணம் கிடையாது, பஸ் செலவு தருவோம், டிக்கெட்டிலும் சட்டை விளம்பரத்திலும் வருகிற வருமானத்தில் பாதி ஆட்டக்காரிகளுக்கு என்று ஒரு தாளை எடுத்து வைத்தார். கீழே அவருடைய கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

அம்மா அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. என் பக்கம் திரும்பித் தமிழில், “பணத்த விடு புள்ள. காலேஜ்ல படிக்கிறதா லெட்டர் தருவாங்களான்னு மொதல்ல கேளு,” என்றாள். மாணவி என்று சான்று இருந்தால் பட்டியலிலிருந்து தள்ளி வைப்பார்கள் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தருவோம் என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். சேர்க்கைக்காக என்று சொல்லி என் பத்தாம் வகுப்பு அசல் சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு போனார். அவர் போன பிறகு அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். நிம்மதியில் அழுதாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அந்த அணியில்தான் கேப்டன் அக்கா இருந்தாள். இதில் யாருடைய பெயரையும் நான் எழுதவில்லை, காரணத்தை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அக்கா ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியின்காரி, அப்பா அங்கே ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேன். என்னைவிட மூன்று வயது மூத்தவள், என்னைவிட ஒரு சாண் குள்ளம். தடுப்பாட்டத்தில் நடுவில் நிற்பாள். எனக்கு நேர் முன்னால் அவள் முதுகுதான் எப்போதும் தெரியும். பகோ ஆற்றுப் பாலத்துச் சோதனைச் சாவடியைத் தினமும் இரண்டு தடவை தாண்டி வருவாள், அங்கே போனைப் பிடுங்கிப் பார்ப்பார்கள் என்பதால் போனில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டாள். ஆட்டம் முடிந்து பஸ்ஸில் ஏறினால் முதலில் தலைகளை எண்ணுவாள். பதினெட்டு வந்த பிறகுதான் டிரைவரைப் பார்த்துத் தலையாட்டுவாள். அணியில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டும், அதனால் மைதானத்தில் எனக்கும் அவளுக்கும் ஒரு ரகசிய பாஷை இருந்தது. “இடது பக்கம் பாரு புள்ள, அவ வெட்டிக்கிட்டு உள்ள வருவா,” என்று அவள் கத்தினால் எதிரணிக்கு ஒன்றும் புரியாது. மைதானத்துக்கு வெளியே நாங்கள் இருவருமே பர்மிதான் அதிகம் பேசினோம், பாதி வாக்கியத்தில் தமிழ் தீர்ந்துபோகும்.

நாங்கள் ஜெயித்துக்கொண்டே போனோம். கூட்டம் வந்தது. வீட்டில் அடைந்து கிடந்த ஜனங்களுக்குப் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கத்துவதற்கு ஒரு இடம் வேண்டியிருந்தது போலும். சட்டையில் முதலில் ஒரு விளம்பரம் இருந்தது, பிறகு தோளில் ஒன்று, முதுகில் ஒன்று என்று ஏறியது. பங்கு மட்டும் வரவில்லை. மைதான வாடகை, ஜெனரேட்டருக்கு டீசல் என்று மேனேஜர் ஒவ்வொரு தடவையும் ஒன்றைச் சொன்னார். நாங்களும் கேட்கவில்லை. எங்கள் வீடுகளுக்கு அந்த லெட்டரே பெரிய பங்காகத் தெரிந்தது.

பிறகு ஒரு ஆட்டத்தில் எங்கள் நடுக்களத்துப் பெண் ஒருத்தி விழுந்தாள். முழங்காலுக்குள் ஏதோ அறுந்த சத்தம் கோல் கம்பத்தடியில் நின்ற எனக்கே கேட்டது. ஆபரேஷன் செய்யாவிட்டால் நடப்பதே கஷ்டம் என்றார் டாக்டர். பகோ பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள், அவள் வீட்டாரால் ஒன்றும் முடியாது. கல்லூரி ஒரு பழக்கூடை அனுப்பியது.

மறுநாள் கேப்டன் அக்கா உடை மாற்றும் அறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு மனுவை வாசித்தாள். ஒப்புக்கொண்ட பங்கைக் கொடுங்கள், முதலில் இந்தப் பெண்ணின் காலுக்குக் கொடுங்கள் என்று மிகச் சாதாரணமான நாலு வரிகள். யாரோ ஒருத்தி, பயமாக இருக்கிறது அக்கா என்றாள். அக்கா பர்மியில் ஏதோ பதில் சொல்லிவிட்டு, பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: “எனக்கும் பயந்தான் புள்ள. பயந்துக்கிட்டேதான் கேக்கணும், வேற வழி?” பதினேழு பேரும் கையெழுத்துப் போட்டோம். படுக்கையில் கிடந்தவளிடம் அக்காவே போய் அவளுடையதையும் வாங்கி வந்தாள்.

மேனேஜர் கோபப்படவே இல்லை. அரையிறுதிக்கு நான்கு நாள் முன்னால் எங்களை ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என் முறை வந்தபோது காபி கலந்து கொடுத்தார். கரண்ட் இல்லை, பேட்டரி விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். படிப்பெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டார். பிறகு அதே குரலில், “தம்பி மண்டலேயில் எந்தக் கடையில் வேலை பார்க்கிறான்?” என்றார். நான் எதையோ சொன்னேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டு, கல்லூரிப் பதிவேட்டிலிருந்து ஒரு பெயரை எடுத்தால் அதை வார்டு ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை தனக்கு இருக்கிறது என்று வருத்தமாகச் சொன்னார். மேசையில் ஒரு தாளைத் தள்ளினார். கேப்டன் மிரட்டியதால்தான் மனுவில் கையெழுத்துப் போட்டேன் என்று அதில் அச்சடித்திருந்தது. இப்போதே வேண்டாம், வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்கு வா என்றார். அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது.

வீட்டில் சொன்னேன். சாயங்காலம் அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “போட்டுட்டு வா,” என்றாள். அவ்வளவுதான். மறுநாள் போய்ப் போட்டேன். என் பெயரின் கடைசி எழுத்தைச் சரியாக எழுத வராமல் பேனா இழுத்துக்கொண்டு போனது இன்னமும் கையில் இருக்கிறது.

அரையிறுதியில் ஜெயித்தோம். அக்கா எப்போதும் போல எனக்கு முன்னால் நின்றாள், எப்போதும் போலப் பஸ்ஸில் எண்ணினாள். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் எங்கள் எல்லோருடைய அசல் சான்றிதழ்களும் இருந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் பணம் கட்டியாகிவிட்டது, ரசீதைப் பார்த்துவிட்டேன் என்றாள். “பதினொரு பேர் போட்டிருக்காங்கன்னு சொன்னாரு. தாளை மடிச்சேதான் வெச்சிருந்தாரு, யாருன்னு நான் கேக்கல. நீங்களும் ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்காதீங்க,” என்று இரண்டு பாஷையிலும் சொன்னாள். பதிலுக்கு அவள் என்ன கொடுத்தாள் என்பதை அன்று சொல்லவில்லை. பிறகுதான் தெரிந்தது: இறுதி ஆட்டத்தை ஆடிக் கொடுத்துவிட்டு, சொந்த விருப்பத்தில் படிப்பை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

இறுதி ஆட்டத்துக்கு முன்னால் உடை மாற்றும் அறைக்குப் பின்புறம் அவள் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாய் கொப்பளித்துவிட்டு, என் கையுறையின் பட்டையை இழுத்து இறுக்கிவிட்டாள். அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தோம். கோப்பையோடு படம் எடுக்கக் கூப்பிட்டபோது அவள் இல்லை. தன்லியின் போகும் பஸ் நின்றுவிடும் என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கல்லூரி வரவேற்பறையில் மாட்டியிருக்கும் படத்தில் பதினாறு பேர்தான் நிற்கிறோம்.

பத்து நாளுக்குள் வார்டு ஆபீசிலிருந்து இரண்டு பேர் அவள் வீட்டுக்கு வந்து, இங்கே கல்லூரியை விட்ட பெண் ஒருத்தி இருக்கிறாளாமே என்று கேட்டார்கள். சும்மா விசாரிக்கத்தான் என்றார்களாம். அவள் அப்போது வெளியே போயிருந்தாள். அப்பா பாலத்துப் பஸ் நிறுத்தத்திலேயே அவளை மறித்து, வீட்டுக்கு வர விடாமல் அப்படியே ஒரு சொந்தக்காரரிடம் அனுப்பிவிட்டார். இரண்டு வாரம் அவள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு வாரமும் எங்கள் தெருவில் ஏதாவது வண்டி நின்றால் நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். பிறகு எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் இருக்கிறாள் என்று காலில் ஆபரேஷன் ஆன பெண் சொன்னாள். அந்தப் பெண் இப்போது கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள், ஆனால் நடக்கிறாள்.

நான் இன்னும் அதே அணியில்தான் இருக்கிறேன். அடுத்த சீசனிலிருந்து ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் ஒவ்வொருவருக்கும் ஒரு கவர் கொடுக்கிறார். பாதிப் பங்கு இல்லை, கால்வாசி கூட இருக்காது. தன் நல்ல மனதால் கொடுப்பதாக அவர் சொல்கிறார், புதிதாக வந்த பெண்கள் கைகூப்பி வாங்கிக்கொள்கிறார்கள். யார் கேட்டதால் அது வருகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை. சொன்னால் மறுபடியும் அந்தக் காபி, அந்தப் பேட்டரி விசிறி.

போன மாதம் தைரியம் வந்து அக்காவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். அந்தப் பதினொரு பேரில் நானும் ஒருத்தி என்று சொல்லி முடிப்பதற்குள் நாலு தடவை அழித்து அழித்துப் பேச வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பின்னால் தையல் இயந்திரங்களின் சத்தம்.

“எனக்கு அன்னைக்கே தெரியும் புள்ள. உங்கம்மா எனக்குப் போன் பண்ணாங்க. தாயில்லையா, அழுதாங்க. உங்க புள்ளைய ஒண்ணும் கேக்க மாட்டேன், போட்டுட்டு வரச் சொல்லுங்கன்னு நாந்தான் சொன்னேன். உங்கம்மா மட்டும் இல்ல, நாலு அம்மாங்க பண்ணாங்க. நாலு பேர்கிட்டயும் அதையேதான் சொன்னேன்.”

அப்படியானால் அந்த வாரம் எங்கள் எல்லோருடைய பயமும் அவளிடம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவளுடையதை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் இல்லை. நான் போனை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன், அந்தச் செய்தியை அவளுக்கும் போட்டுக் காட்டினேன். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?” என்றாள். நறுக்கிய பீன்ஸைத் தட்டில் ஒதுக்கினாள். “அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சா, ஒடம்பு நல்லா இருக்கான்னு கேளு. நான் கேட்டேன்னு சொல்லு.”

அப்படியே கேட்டு அனுப்பினேன். அந்தப் பக்கம் தொழிற்சாலைகளில் அனுமதிச் சீட்டு இல்லாதவர்களைப் பிடிக்கிறார்கள் என்று அந்த வாரம்தான் பேச்சு வர ஆரம்பித்திருந்தது. செய்திக்குப் பக்கத்தில் ஒற்றை டிக் விழுந்தது, இரண்டாவது விழவில்லை. இன்றோடு ஒன்பது நாள். காலையில் கரண்ட் வந்ததும் அம்மா என் போனைத்தான் முதலில் சார்ஜில் போடுகிறாள். போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், “வந்துச்சா?” என்கிறாள்.