கால் படாத பனி

அப்புசாமி ஒரு போனைத் தலையணைமேல் சாய்த்து வைத்து, இன்னொரு போனால் அதைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். சாய்த்து வைத்த போனில் பனி கொட்டுகிறது. கனடாவில், வின்னிபெக்கில், அவருடைய மகன் வாங்கிய வீட்டைச் சுற்றிப் பெய்யும் பனி. முன்வாசலில் ஒரு கேமரா, பின்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். இங்கே மோகனூர் சாலையில் கோழிப்பண்ணைத் தகரம் வெயிலில் விரிந்து படபடக்கும் உச்சிப்பொழுது. அங்கே நள்ளிரவு. திரையில் எல்லாம் கறுப்பு வெள்ளை. ஒரு தபால் பெட்டி, பாதி புதைந்த ஒரு கார், இலையில்லாத ஒரு மரம். எதுவும் அசைவதில்லை. பனி மட்டும் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

திரையில் தெரிவதை அந்தப் போனிலேயே படமாகச் சேமிக்கலாம் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மறுபடியும் இரண்டாவது போனை எடுத்தார்.

"அதுல எடுத்தா அது எடுத்ததுங்க. இதுல எடுத்தாத்தான் நா எடுத்தது."

அப்படி எடுத்த படங்களில் எல்லாம் ஒரு மனிதன் நிற்கிறான். பனி முற்றத்தின் நடுவில், புகைபோல, ஒரு தோள் சற்றுத் தாழ்ந்து. முதல் தடவை பார்த்தபோது போனை அவரிடமே திருப்பி நீட்டிவிட்டேன். ஜெகதீஸ்வரன் அப்படித்தான் நிற்பான். கல்லூரியில் மூன்று வருடமும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். சென்ற ஐப்பசியில் அந்த வீட்டில் தூங்கப் போனவன் எழுந்திருக்கவில்லை.

என் முகத்தைப் பார்த்து அவனுடைய அப்பா சிரித்தார். "பயந்துக்காதீங்க சாமி. அது நாந்தானுங்க. கண்ணாடில உழுகறனில்ல? எரிக்கறதுக்குள்ள போயிரலாம்னு பாத்தேன், விசா வல்லீங்க. போட்டாவுலயாச்சும் போய் நின்னுக்கறேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி கண்ணாத்தாளின் குரல் வந்தது. "இங்க தண்ணித் தொட்டி வழியுது. இவரு கனடாவுக்குக் காவல் இருக்கறாரு. சம்பளம் கேட்டு வாங்குங்க."

"நீ மோட்டார நிறுத்து. நா வாரேன்," என்பார். வரமாட்டார்.

அறுபத்தெட்டு வயது. மெலிந்த உடம்பு. எப்போதும் விரல் இடுக்கில் சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருக்கும். பண்ணையை மூடும்முன் ஷெட்டின் வாசலில் அதைச் சலித்துத் தூவிவிட்டு வருவார். கிருமிக்காக என்று மற்றவர்கள் தூவுவது, இவருக்கு வேறொன்றுக்கும் பயன்படும். விடிந்ததும் குனிந்து பார்ப்பார். மரநாய் வந்ததா, கீரி வந்ததா, வந்தது உள்ளே போனதா, பாதியில் திரும்பியதா என்று அதில் தெரியும். அந்தத் தூளை யாரும் மிதித்துவிட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும்.

மருமகள் மதுமதி சாம்பலைக் கொண்டுவந்து ஆற்றில் கரைத்தாள். கருமாதிக்கு முந்தின இரவு, அவர்கள் வீட்டு வழக்கப்படி, விளக்கு வைத்த அறையில் அரிசி மாவைச் சலித்துப் பரப்பிக் கதவைச் சாத்தினார்கள். போனவர் வந்து பார்த்துவிட்டுப் போனால் மாவில் தடம் இருக்கும். காலையில் கதவைத் திறந்தபோது மாவு பரப்பியபடியே இருந்தது. ஓர் எறும்புகூட ஏறியிருக்கவில்லை. சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் இலைக்கு உட்கார்ந்தார்கள். அப்புசாமி மட்டும் வாசற்படியிலேயே வெகுநேரம் குனிந்து நின்றார்.

"அவன் இங்க வரலீங்க. அங்கயேதான் இருக்கறான்," என்றார் என்னிடம்.

மதுமதி வேலைக்குத் திரும்பிய பிறகு, அங்கே முதல் பனி விழுந்த அன்று அவளிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். ராத்திரி பனி பெய்தால், அவர் படம் எடுத்து முடிக்கும்வரை முன்வாசல் வழியாக இறங்க வேண்டாம். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கார் நிற்கும் கொட்டகை வழியாகவே வேலைக்குப் போனாள். மாதக்கணக்காக அந்த வாசலில் பனி விழுந்தது, மூடியது, மேலும் விழுந்தது. யார் காலும் படவில்லை. அவருடைய போன் நிறையத் தடமில்லாத வெள்ளை முற்றங்கள்.

இப்போது அந்த வீடு விற்றாயிற்று. அதன் தவணையை மதுமதி தனியாகக் கட்ட முடியாது. அந்த வீட்டில் தனியாகத் தூங்கவும் முடியவில்லை என்றாள். செவ்வாய்க்கிழமை சாவியைக் கொடுக்க வேண்டும். கேமராக்களும் கழற்றப்படும்.

"வாரவங்களுக்கு இவன் யாருன்னு தெரியுமுங்களா?" என்று கேட்டார். "அடுத்தவிய ஊட்டுல எம்பையன் எங்கன்னு நிப்பான்?"

அதற்கு முந்தின ஞாயிறு அங்கே பெரும்பனி. காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை. மதியம், நான் பக்கத்தில் இருக்கும்போதே, இதுவரை தொடாத ஒரு பொத்தானை அழுத்தினார். நாம் பேசுவது அந்த வாசலில் கேட்கும்.

"கண்ணு, மது கெளம்பறா. நீயும் வந்துரு சாமி."

ஆளில்லாத அந்த முற்றத்தில், பனிக்குள், நாமக்கல் பேச்சு ஒலித்திருக்கும். ஒரு கணம் கழித்து அதே குரல் போனிலிருந்து எங்களிடம் திரும்பி வந்தது, கொஞ்சம் இளைத்து, கொஞ்சம் வயது குறைந்து. பிறகு பனி கேமராவை மூடிக்கொண்டது. திரை முழுக்க வெள்ளை.

இங்கே விளக்கேற்றிச் சற்று நேரம் ஆனபின், அங்கே விடியத் தொடங்கியது. கேமராவிலிருந்து பனி வழிந்து விழுந்தது. வாசற்படியிலிருந்து தபால் பெட்டியைத் தாண்டிச் சாலைவரை ஒரு வரிசைத் தடம். பாதி மூடியிருந்தது. போன தடம் மட்டும். வந்த தடம் இல்லை.

அவருடைய இரண்டு போன்களும் அவர் கையிலேயே இருந்தன. அடித்தது கண்ணாத்தாளின் போன். மதுமதி. குரல் தாழ்ந்திருந்தது.

"அத்தை, மாமா பாத்துட்டாருங்களா? நா இன்னும் கதவே தொறக்கலீங்க."

"நரியாக இருக்கும், அங்கே ஊருக்குள்ளேயே வரும்," என்றேன் நான். பாதி அழிந்த மரநாய்த் தடத்தைக்கூடத் தடவிப் பார்த்துச் சொல்கிறவர், திரையில் அந்தத் தடத்தின்மேல் விரலை வைத்துச் சாலைவரை ஓட்டினார். அன்று படம் எடுக்கவில்லை. இரண்டு போன்களையும் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து பண்ணைப் பக்கம் போனார்.

நான் விடைபெற்றுச் செருப்பை மாட்டிக்கொண்டபோது, அவர் வீட்டு வாசலில் குந்தியிருந்தார். கேட்டின் இரண்டு கதவுகளும் விரியத் திறந்திருந்தன. சல்லடையை மெல்லத் தட்டித் தட்டி, கேட்டிலிருந்து படிவரை சுண்ணாம்புத் தூளைப் பரப்பிக்கொண்டே பின்னால் வந்தார். என் காலருகே வந்ததும் கை நின்றது.

"நீங்க பின்னால பொடக்காணி வழியாப் போயிருங்க சாமி," என்றார்.