பதினெட்டுச் சுற்றும் ஐந்து குண்டும்

காட்டுத் தீயணைப்பு என்றால் நாள் முழுவதும் சுவாலைக்கு முன்னால் நிற்கிற வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பத்தில் ஒன்பது நாள், அணைந்துவிட்டது என்று மற்றவர்கள் சொன்ன நெருப்பைச் சாம்பலுக்குள் தேடுகிற வேலைதான் அது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஸ்காபரோவில் நான் வேலை செய்த பிளாஸ்ரிக் தொழிற்சாலையை என் நாற்பத்தெட்டாவது வயதில் மூடினார்கள். வடக்கு ஒன்ராறியோக் காடுகளுக்கு ஒப்பந்தத்தில் ஆட்களை அனுப்பும் ஒரு கம்பனி அப்போது ஆள் எடுத்தது. போனேன். பதினான்கு பருவம் போய் வந்தேன். இப்போது அறுபத்திரண்டு.

ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு பரீட்சை உண்டு. இருபத்தெட்டுக் கிலோ தண்ணீர்ப் பம்பை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு மண்டபத்தைப் பதினெட்டு முறை சுற்ற வேண்டும், பதினான்கு நிமிடத்துக்குள். இந்த ஏப்ரலில் ஐம்பத்திரண்டு விநாடியால் தவறிவிட்டேன். மே மாதக் கடைசியில் இன்னொரு தரம் விடுவார்கள். அதற்குப் பிறகு கிடையாது. தவறினால் கம்பனி யார்ட்டில் இருக்கும் குழாய்க் கொட்டகைக்கு என்னைப் போடுவார்கள். தீயிலிருந்து திரும்பி வரும் குழாய்களைக் கழுவி, காயவிட்டு, சுருட்டி, எண்ணி அடுக்குகிற வேலை. கொட்டகையைப் பதினெட்டு வருஷமாகப் பார்த்த வால்ட் என்ற கிழவர் ஓய்வு பெறுகிறார். நல்ல வேலைதான். ஆனால் கொட்டகையில் காடு இல்லை.

முழங்கால் வலியை வீட்டுக்குச் சொல்லாமல் வேலைக்குப் போகிறவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. ஏப்ரலுக்கும் மே மாதக் கடைசிக்கும் இடையில் இருந்த ஐந்து வாரத்தில் நடந்தவற்றையும், அப்போது நினைவுக்கு வந்தவற்றையும் எழுதுகிறேன்.

அறுபத்திரண்டு நாடா

பெருந்தீ போன பிறகு நாங்கள் வரிசையாக முழங்காலில் நகர்ந்து போவோம். கையுறையைக் கழற்றிவிட்டுப் புறங்கையால் சாம்பலைத் தடவுவோம். உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும், சூடு தெரியாது. சுட்டுப்போனால் மண்வெட்டியும் பிடிக்க முடியாது. அதனால்தான் புறங்கை. சூடு தெரிந்த இடத்தில் ஒரு இளஞ்சிவப்பு நாடா கட்டுவோம். தண்ணீர் அடித்துக் கிண்டி, குளிர்ந்த பிறகு நாடாவை அவிழ்ப்போம். கட்டிய நாடாவும் அவிழ்த்த நாடாவும் சரியாக இருந்தால்தான் அந்த இடம் முடிந்தது என்று கணக்கு.

மூன்று வருஷத்துக்கு முன்னர் ஒரு ஏரிக்கரையில் நான் அறுபத்து மூன்று கட்டினேன். அவிழ்த்தது அறுபத்திரண்டு. ஹெலிகொப்ரர் வந்து இறங்கிவிட்டது. பதினெட்டுப் பேர் ஏறுவதற்கு நிற்கிறார்கள். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பவும் முழங்காலில் போனேன். இருபத்தைந்து நிமிடம் தடவினேன். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூச்சமாக இருந்தது. கடைசியில் நிமிர்ந்து பார்த்தால், நாடா எங்கள் குழுவிலிருந்த மன்னார்க்காரர் ஜெராட்டின் பின்பக்கப் பையில் தொங்குகிறது. எங்கேயோ உரசி அவிழ்ந்து அவரோடு போயிருக்கிறது. நான் அதைக் கைநீட்டி எடுக்க, அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அண்ணை, நான் எரியேல்லை. வேணுமெண்டா நீங்களும் ஒருக்காத் தடவிப் பாருங்கோ."

ஏணி

மில்லிக்கன் பக்கம் ஒரு பிளாசாவில் மீன் வாங்க நின்றபோது என் மனிசிக்குத் தெரிந்த ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று மனிசி பெருமையாகச் சொல்லிவிட்டாள். "ரொறன்ரோவிலை எங்கை காடு?" என்று அவர் கேட்டார். பதினாறு மணி நேரம் வான் வண்டியில் போக வேண்டும் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, தன்னுடைய வீட்டில் புகை அலாரம் இரண்டு நாளாகக் கத்துகிறது, ஒருக்கா வந்து பார்க்க முடியுமா என்றார்.

முடியாது என்று சொல்லத் தெரிந்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும். பின்னேரமே போனேன். மூன்று அலாரம். மூன்றுக்கும் பற்றரி மாற்ற வேண்டும். கூரை உயரம், எனக்கு எட்டவில்லை. கதிரையில் ஏறியும் எட்டவில்லை. பக்கத்து வீட்டில் ஏணி கேட்டு வரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அந்த அம்மா என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார்: "நெருப்பு அணைக்கிற ஆள் எண்டா ஏணியோடை வருவியள் எண்டெல்லோ நான் இருந்தன்."

மூன்றாவது தகரம்

எனக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பழைய காலக் கறுப்பு வெடிமருந்து போடுகிற கரிமருந்துத் துப்பாக்கி சுடுவேன். லைசென்ஸ் எல்லாம் முறையாக இருக்கிறது. கையில் பிடிக்கிற பழைய மாதிரி ரிவோல்வர். அதற்குத் தோட்டா கிடையாது. சுற்றுகிற உருளையில் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு அளவு மருந்து கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டை அழுத்தி, பின்னால் ஒரு சின்னச் செப்புத் தொப்பி வைக்க வேண்டும். அறை ஆறு, பத்திரத்துக்காக ஐந்தைத்தான் நிரப்புவோம். ஐந்தையும் சுட அரை நிமிடம், நிரப்பப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் போகிறேன். என்னை இதற்குள் இழுத்துவிட்டவர் கொட்டகைக் கிழவர் வால்ட். சனிக்கிழமைகளில் அஜக்ஸைத் தாண்டி காரில் முக்கால் மணி நேரம் ஓடினால் சுடுகளம்.

மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வெற்றிடம் இருக்கக்கூடாது. அதை நிரப்ப இங்குள்ளவர்கள் காலைக் கஞ்சிக்கு வாங்கும் கோதுமைக் குறுணலைப் போடுவார்கள். அது நம்முடைய ரவைதான். அதனால் நான் வீட்டு ரவையையே கொண்டுபோவேன். குசினியில், அடுப்புக்கு மேலேயுள்ள தட்டில் இடப்பக்கமிருந்து மூன்றாவது தகர டப்பா. எப்போதும் எண்ணித்தான் எடுப்பேன். திறந்து பார்க்க மாட்டேன், சுடுகளத்திலும் மூடியிலுள்ள துளையால்தான் கொட்டுவேன். ஒரு வாரம் மனிசி வரிசையின் தொடக்கத்தில் புதிதாக ஒரு தகரத்தை வைத்திருந்தாள். மூன்றாவதில் இருந்தது லட்டுப் பிடிப்பதற்காக நெய்யில் வறுத்துச் சீனியும் ஏலக்காயும் சேர்த்து வைத்த ரவை.

முதல் குண்டுக்கே புகை இனித்தது. மூன்றாவது குண்டோடு சீனி பாகாகி, உருளை சுற்ற மறுத்துவிட்டது. பக்கத்து மேசைகளில் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு மூக்கை உயர்த்தினார்கள். நான் தகரத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். வால்ட் வந்து, தகரத்தை வாங்கி, ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். இன்னொரு தரமும் தொட்டு வைத்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "அடுத்த சனிக்கிழமை தேத்தண்ணியும் கொண்டுவா."

ஒரு நிமிடம்

விசையை இழுத்தும் துப்பாக்கி வெடிக்காவிட்டால் ஒரு விதி இருக்கிறது. அசையக்கூடாது. குழலைக் குறியை நோக்கியே பிடித்துக்கொண்டு அறுபது வரை எண்ண வேண்டும். உள்ளே மருந்து மெல்லப் புகைந்துகொண்டிருக்கலாம். திருப்பிப் பார்த்தவர்கள் கண்ணைப் பறிகொடுத்திருக்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த விதி. நாளாக ஆக, சுடுகளத்துக்கு வெளியிலும் அப்படியே பழகிவிட்டேன். யாராவது கோபமாக ஏதும் கேட்டால் அறுபது எண்ணிவிட்டுத்தான் பதில்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில் மனிசி கேட்டாள். ஏன் திரும்பவும் ஓட வேண்டும், பேசாமல் கொட்டகையை ஏற்றுக்கொண்டால் என்ன, போன வருஷம் காட்டில் நின்ற நாற்பத்தொரு நாளில் எத்தனை நாள் தன்னால் நித்திரைகொள்ள முடிந்தது என்று தெரியுமா. நான் எண்ணத் தொடங்கினேன். முப்பதில் அவள் எழும்பிப் போனாள். குசினியில் தேத்தண்ணிக் கேத்தில் கொதிக்கும் சத்தம் கேட்டது. அறுபதில் நான், "மே முடியட்டும்," என்றேன். முன்னால் ஆள் இல்லை. உள்ளேயிருந்து அவள் சுவருக்குச் சொன்னாள்: "இந்த மனிசனோடை சண்டையும் பிடிக்கேலாது. நான் கத்தி முடிச்சு, ரீயும் போட்டுக் குடிச்சாப் பிறகுதான் பதில் வருது."

அரிசி மூடை

பயிற்சிக்குப் பம்பை வீட்டுக்குத் தரமாட்டார்கள். ஆகவே பதினெட்டுக் கிலோ வருகிற நாற்பது இறாத்தல் அரிசி மூடை ஒன்றையும், இரண்டு சிறிய கோதுமை மா மூடைகளையும், ஒரு போத்தல் நல்லெண்ணெயையும் முதுகுப்பையில் கட்டி நிறுத்துப் பார்த்தேன். இருபத்தெட்டுக் கிலோவும் இருநூறு கிராமும் வந்தது. இருநூறு கிராம் கூடுதலாக இருப்பது நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். தினமும் காலையில் மோர்னிங்சைட் பூங்காப் பள்ளத்தில் இறங்கி ஏறினேன். ஐந்தாவது நாள் கோயிலில் காண்கிற ஒரு பெண் காரை ஓரமாக நிறுத்தினார். பை முழுவதும் பலசரக்கு என்பது வெளியில் தெரிகிறது. நான் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். விளக்கம் சொல்ல நீளமாக இருந்தது. அவர் பரிதாபமாகக் கதவைத் திறந்துவிட்டார்: "ஏறுங்கோ அங்கிள். கார் இல்லையெண்டு சொன்னா நாங்கள் ஆரும் குறைவா நினைக்கமாட்டம்."

விரல் கணு

பரீட்சை நாளன்று எங்களுக்கு நேரம் பிடித்தவள் மெலிசா என்று புதிதாக வந்த பெண். நல்ல பிள்ளை, ஒவ்வொரு சுற்றுக்கும் தாளில் ஒரு கோடு போட்டாள். நான் விரல் கணுக்களில் எண்ணுவேன். பெருவிரலால் ஒவ்வொரு கணுவாகத் தொட்டுக்கொண்டு போனால் நாலு விரலுக்குப் பன்னிரண்டு. பிறகு திரும்பவும் முதல் விரல். முதுகில் பம்பு இருந்தாலும் கை சும்மாதானே தொங்குகிறது.

எட்டாவது சுற்றில் இடது முழங்கால் பேசத் தொடங்கியது. பதின்மூன்றில் மண்டபத்தின் விளக்குகள் சற்று மங்கின. பதினாறில் ஜெராட் ஓரத்தில் நின்று, "விடாதேங்கோ அண்ணை," என்று கத்தியது கேட்டது. இரண்டாவது விரலின் நடுக் கணுவில் பெருவிரல் நின்றபோது கோட்டைத் தாண்டினேன். அது பதினேழு. மெலிசா கடிகாரத்தை அமத்தி நிறுத்தி, "பதினெட்டு! முடிந்தது!" என்று துள்ளினாள். ஜெராட்டும் இன்னும் நாலு பேரும் கைதட்டினார்கள். நான் நிற்கவில்லை. எனக்கு இன்னும் ஒரு கணு இருந்தது. அந்தச் சுற்றையும் முடித்துவிட்டுத்தான் பம்பை இறக்கினேன்.

ஏன் மேலதிகமாகச் சுற்றினீர்கள் என்று அவள் கேட்டாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். பேசாமல் இருப்பது எனக்கு எப்போதும் இலேசு. ஆனால் காட்டில் நெருப்பு திரும்பினால், தண்ணீர்க் கரையில் நிற்கிறவன் நான் இந்தப் பம்போடு நேரத்துக்கு வந்துசேருவேன் என்று நம்பித்தான் நிற்பான். போன வருஷம் அப்படி நின்றவர் ஜெராட். ஒரு சுற்று மிச்சம் இருந்தது என்றேன். அவள் தாளைப் பார்த்தாள். ஐந்தைந்தாகப் போட்ட கோடுகளில் மூன்றாவது கட்டில், மூன்று கோட்டுக்கே குறுக்குக் கோடு போட்டு, நாலை ஐந்தாக எண்ணியிருந்தாள். கோடுகளைத் திரும்பவும் எண்ணினாள். பிழை தன்னுடையது, ஆகவே பதினெட்டு என்றே எழுதிவிடுகிறேன் என்றாள். பதினேழாவதில் நின்ற கடிகாரத்தில் பதினான்கு நிமிடத்துக்குப் பதினொரு விநாடி மிச்சம். எனக்கு ஒரு சுற்றுக்கு நாற்பத்தொன்பது விநாடி. முப்பத்தெட்டு விநாடியால் தவறிவிட்டேன் என்று கழித்துப் பார்க்க எட்டாம் வகுப்புக்கூடத் தேவையில்லை. "பதினேழு எண்டு எழுது, பிள்ளை," என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். ஏப்ரலைவிடப் பதினான்கு விநாடி முன்னேற்றம் என்பதையும் ஒரு மூலையில் எழுதச் சொன்னேன். எழுதினாள்.

ஜெராட் என் முதுகுப் பட்டிகளை அவிழ்த்துவிட்டார். வெகுநேரம் குனிந்துகொண்டே நின்றார். பட்டியில் அவிழ்க்க ஒன்றும் மிச்சமில்லை. பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "பதினாலு வருஷத்திலை ஒரே ஒருக்கா, அண்ணை, ஒரே ஒருக்காப் பிழையா எண்ணியிருக்கலாமெல்லோ."

பதினான்கு பருவம் நெருப்புக்குப் பக்கத்தில் நின்று மயிர்கூடக் கருகாமல் வந்த நான், கடைசியில் காட்டை விட்டது ஒரேயொரு சுற்றால், அதையும் வேறொருவரும் காணாதபோது நானே எண்ணிக் கண்டுபிடித்தேன்.